கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவன்

ஜனவரி பிறந்துவிட்டால் என் மேசையில் நிதி கேட்கும் திட்ட அறிக்கைகள் உறை உறையாகக் குவியத் தொடங்கும். நான் வேலை பார்த்த நூற்பாலையின் சமூகப் பொறுப்பு நிதியை மார்ச் 31க்குள் செலவழித்தாக வேண்டும் என்பது தொண்டு நிறுவனங்களுக்கெல்லாம் மனப்பாடம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு வந்த பிறகு, முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும் என்றாகிவிட்டது. பணம் முதலாளிகளுடையது, முடிவு குழுவினுடையது, படிக்கும் வேலை மட்டும் என்னுடையது.

2017 ஜனவரியில் வந்தது போல் ஒரு குவியலை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழகம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்திருந்த சமயம். சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்ததும் அப்போதுதான். ஆகவே வந்த நாற்பத்துச் சொச்சம் திட்ட அறிக்கைகளில் முக்கால்வாசி கண்மாய் பற்றியவை. அவற்றில் பாதி, ‘பண்டைக் காலம் தொட்டே தமிழர்கள் நீரைப் போற்றி வந்துள்ளனர்’ என்றுதான் தொடங்கின. போற்றினார்கள், சரி. என் எதிரே உட்கார்ந்திருக்கும் நிதித் துறைத் தலைவரிடம் அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நிர்வாகவியல் படித்தவர் இல்லை. மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே தட்டச்சு இயந்திரத்தை ஸ்டூலின் மேல் வைத்து மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். சிறு தொண்டு நிறுவனம் ஒன்றில் திட்ட அறிக்கை எழுதுவதுதான் வேலை. நான் எழுதியவை வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. என் தமிழ் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். பணம்தான் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை, குறைதீர் கூட்டத்துக்கு ஊர்க்காரர்களை அழைத்துப் போயிருந்தபோது அந்தப் பெரியவரின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அவருக்கு முன்னால் ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை நின்றுபோய்விட்டது. மகன் பார்ப்பதில்லை, மருமகள் சோறு போடுவதில்லை, கண் தெரியவில்லை என்று அழுதுகொண்டே சொன்னார். பெரியவர் தடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்:

“எந்த மாதத்திலிருந்து வரவில்லை, ஆத்தா?”

“பொங்கலுக்கு வந்தது. அதற்கப்புறம் தபால்காரர் வரவேயில்லை.”

“முதன்முதலில் பணம் கொடுக்கச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்திருப்பார்களே, இருக்கிறதா?”

பாட்டி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே, மடிப்பெல்லாம் கிழிந்து எட்டுத் துண்டாகத் தொங்கிய ஒரு காகிதம் வந்தது. பெரியவர் அதைத் தொடையில் விரித்து, ஆணை எண்ணையும் தேதியையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு தட்டச்சு செய்தார். அனுப்புநர், பெறுநர், பொருள். ‘பார்வை’ என்ற இடத்தில் அந்த ஆணை எண். கீழே நான்கு வரி. மகனும் மருமகளும் அதில் இல்லை.

பாட்டி போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. “அந்த அம்மா பட்ட பாடு எதுவும் மனுவில் இல்லையே, ஐயா?” என்றேன்.

“கலெக்டர் படித்து மனம் இளகுகிறார் என்றே வைத்துக்கொள்வோம், தம்பி. பிறகு அதை யாரிடம் கொடுப்பார்? தாலுகாவுக்கு அனுப்புவார். தாலுகாவில் ஒரு கிளார்க் கையில் போய்ச் சேரும். ஆணை எண் இருந்தால் அவர் எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுப்பார். அழுகையை வைத்துக்கொண்டு எந்த ரிஜிஸ்டரை எடுப்பார்?”

என் அறிக்கைகள் ஏன் திரும்பி வந்தன என்பது எனக்கு அன்று பஸ்ஸில் வரும்போது புரிந்தது. முதலில் படிக்கிறவரை உருக்குவதற்காகவே நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உருகியும் இருப்பார். ஆனால் அவர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். அங்கே நான் இருக்க மாட்டேன். கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அவர் கையில் நான் எதையுமே கொடுத்தனுப்பவில்லை.

பின்னால் அந்தப் படிக்கிறவனாக நானே ஆனபோது, இது எவ்வளவு உண்மை என்பது தெரிந்தது. எங்கள் குழுக் கூட்டத்தில் ஓர் அறிக்கைக்கு ஆறேழு நிமிடம் கிடைக்கும். யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். கேள்விகள் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: நிலம் யாருடையது? அனுமதி இருக்கிறதா? எத்தனை நாள்? இந்தத் தொகை எப்படி வந்தது? நாம் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? இவற்றுக்குப் பதில் இருந்த அறிக்கைக்காக நான் வக்கீல் போல் வாதாடினேன். இல்லாததற்குத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

அதற்காக நான் எப்போதும் சரியாகத் தேர்ந்தெடுத்தேன் என்று எண்ண வேண்டாம். 2016இல் ஓர் அறிக்கை வந்தது. நாற்பத்திரண்டு பக்கம், வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். வாசகங்கள் ஒவ்வொன்றும் செதுக்கிய மாதிரி இருக்கும். கண்மாயின் பன்னிரண்டு ஏக்கரை ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாருவதாகவும், பதினைந்தே நாளில் முடிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். நான் மயங்கிவிட்டேன். குழுவில் நானே எடுத்துப் பேசி வாங்கிக் கொடுத்தேன். கோடையில் போய்ப் பார்த்தால், சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஓரமாக ஒரு மூலையைச் சுரண்டியிருந்தார்கள். கரையில் எங்கள் ஆலையின் பெயர்ப்பலகை மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து, முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பன்னிரண்டு ஏக்கரில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 48,500 கன மீட்டர் மண். ஒரு யூனிட் 100 கன அடி. மூன்று யூனிட் டிப்பரில் ஏறக்குறைய எட்டரை கன மீட்டர் கொள்ளும். அப்படியானால் 5,700 நடை. பதினைந்து நாளில் முடிய, நாளொன்றுக்கு 380 நடை. பத்து மணி நேர வேலையென்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டிப்பர் மண் ஏற்றிக்கொண்டு கரையேறியாக வேண்டும். வெட்டிய மண் உப்பும் என்பதைச் சேர்த்தால் இன்னும் கூடும். அறிக்கையில் இருந்ததோ இரண்டு ஜே.சி.பி., நான்கு டிப்பர். பொய் சொல்ல வேண்டும் என்றுகூட அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் பெருக்கிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் வழக்கம் எனக்கு வந்தது. முதலில் செலவுப் பட்டியல், அடுத்து கால அட்டவணை, பிறகு இணைப்புகள், முன்னுரை கடைசியில். முன்னுரையில் யார் வேண்டுமானாலும் நல்லவராக இருக்கலாம். செலவுப் பட்டியலில் ‘இதரச் செலவுகள் ரூ.75,000’ என்று ஒரு வரி இருந்தால், எழுதியவர் வேலை நடக்கும் இடத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். ‘ஐப்பசி, கார்த்திகையில் தூர்வாரும் பணி’ என்ற அட்டவணையைக்கூட நான் பார்த்திருக்கிறேன். தென்மாவட்டத்துக் கண்மாய்க்கு நீர் வருவதே அந்த மாதங்களில்தான். தண்ணீருக்குள் முங்கியா மண் அள்ளுவார்கள்? அதை எழுதியவர் கண்மாய்க்கரையில் ஒரு நாளாவது நின்றிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பயந்து, களப்பணியாளர் சம்பளத்தை டீசல் கணக்கிலும் வாடகைக் கணக்கிலும் ஒளித்துவைக்கிற பழக்கம் பல தொண்டு நிறுவனங்களில் உண்டு. 2021இல் திருத்திய விதிகளின்படி, அந்த வரம்பு நிதி கொடுக்கும் கம்பெனி தன் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கானது. திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. வேலை செய்கிற ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதினால் எந்த நல்ல நிதிக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். டீசல் கணக்கு இடிக்கும்போதுதான் மற்ற எல்லாக் கணக்கின் மீதும் சந்தேகம் வரும்.

மீண்டும் 2017க்கு வருகிறேன். அந்தக் குவியலின் அடியில் ஆறே பக்கத்தில் ஓர் அறிக்கை கிடந்தது. விருதுநகர் மாவட்டத்தில், குண்டாற்றிலிருந்து தண்ணீர் வாங்கும் ஒரு சிறு கண்மாயின் விவசாயிகள் சங்கம் அனுப்பியது. ஏதோ கணினி மையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ‘கண்மாய்’ என்பதே மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒற்றுப்பிழை இல்லாத வரியைத் தேட வேண்டும்.

வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். செலவுப் பட்டியலில் நான்கே வரி. வரத்துக் கால்வாயில் மண் அள்ள ஜே.சி.பி. 140 மணி, மணிக்கு 900 ரூபாய் வீதம் 1,26,000. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க 40 மணி, 36,000. இரண்டு மடைக்கும் பலகை மாற்ற 18,000. ஆக மொத்தம் 1,80,000. நான்காவது வரி: ‘ஓட்டுநர் பேட்டா, டீ, வடை: ஊரார் பொறுப்பு.’ அதற்குக் கீழே, ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் நிலம்) 86 ஏக்கர், ஏக்கருக்கு 250 ரூபாய் வீதம் எங்கள் பங்கு 21,500, நாங்கள் கேட்பது 1,58,500 என்று கழித்துக் காட்டியிருந்தார்கள்.

டீயும் வடையும் எனக்குச் சிரிப்பை வரவழைத்தன. அந்த வரியை எழுதியவர் ஜே.சி.பி. ஓட்டுநர் காலை பதினொரு மணிக்கு இறங்கி வந்து என்ன கேட்பார் என்று அறிந்தவர். அப்படிப்பட்டவர் 140 மணி என்று எழுதினால் அது 140 மணிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இருந்தாலும் சூடு கண்ட பூனை அல்லவா, பெருக்கிப் பார்த்தேன். 700 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் படிவு: 2,800 கன மீட்டர். மணிக்கு 20 கன மீட்டர். நடக்கிற காரியம்.

பிறகு முன்னால் வந்தேன். இரண்டாம் பக்கத்தில் அவர்கள் எழுதியிருந்ததன் சாரம் இது: எங்களுக்குக் கண்மாயைத் தூர்வார வேண்டாம். கண்மாய் ஆழமாகத்தான் இருக்கிறது. தண்ணீர்தான் வருவதில்லை. வரத்துக் கால்வாயில் 700 மீட்டர் அடைந்து கிடக்கிறது. வரத்து இல்லாத கண்மாயை ஆழமாக்குவது அடுப்பில் நெருப்பில்லாமல் பெரிய பானை வாங்குவது போல.

அன்று கண்மாய்க்காக எழுதியிருந்த மற்ற எல்லோரும் அதை வெட்டப் பணம் கேட்டவர்கள். வெட்டவேண்டாம் என்று சொன்னவர்கள் இவர்கள் மட்டுமே. நாலு லட்சம் கேட்கலாம் என்று தெரிந்திருந்தும் ஒன்றரை லட்சம் போதும் என்கிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஆனால் என்னை முழுக்கச் சாய்த்தது மூன்றாம் பக்கம். ‘நான்கு வருடம் முன்பு நாங்களே ஒரு தடவை வெட்டினோம். தோற்றுவிட்டோம்’ என்று தொடங்கியது. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் அறுத்தார்கள், வேரை விட்டுவிட்டார்கள். இரண்டே வருடத்தில் கட்டை துளிர்த்துக் கால்வாயை மூடிவிட்டது. ஆகவேதான் இம்முறை வேருக்கென்று தனியாக 40 மணி நேரம். தம் தோல்வியை எழுதினால் நிதி கிடைக்காது என்று பயப்படுகிறவர்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். இங்கே அந்தத் தோல்விதான் செலவுப் பட்டியலின் இரண்டாம் வரிக்குச் சாட்சியாக நின்றது.

படங்கள் இரண்டுதான். செல்போனில் எடுத்து, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டவை. ஒன்றில் கால்வாய்க்குள் ஒருவர் மண்வெட்டியைத் தலைகீழாக நிறுத்திப் பிடித்திருந்தார். படிவு எவ்வளவு உயரம் என்பதற்கு அந்தப் பிடிதான் அளவுகோல். இணைப்பாக ஊராட்சி ஒன்றியத்தின் தடையின்மைச் சான்று. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் அப்போது பொதுப்பணித் துறையிடம் இருந்தது, குறைந்தால் ஒன்றியத்திடம். 86 ஏக்கர் ஆதலால் சரியான கதவைத்தான் தட்டியிருந்தார்கள். நாற்பத்திரண்டு பக்கக்காரர்களிடம் இந்தச் சான்று இருக்கவில்லை. ‘விரைவில் பெறப்படும்’ என்ற வாசகம் இருந்தது.

குழுக் கூட்டத்தில் நிதித் துறைத் தலைவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “எழுத்துப்பிழைகூடத் திருத்தத் தெரியாதவர்கள் கணக்கு வைப்பார்களா?” என்றார். நான் செலவுப் பட்டியலின் நான்காவது வரியைக் காட்டினேன். படித்தார். “வடை அவர்கள் கணக்கா?” என்று கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் பக்கத்தைத்தான் திருப்பினேன். நிலம்? ஐந்தாம் பக்கம், சர்வே எண்ணோடு. பராமரிப்பு? நான்காம் பக்கம், ஒவ்வோர் ஆண்டும் ஆடிக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊர்க்கூட்டத் தீர்மானம், கையெழுத்தும் கைநாட்டுமாக. என் சொந்தச் சரக்காக நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிழைகள் இருந்தால் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிழைகளால் அந்த அறிக்கை குவியலின் அடியிலேயே கிடந்திருக்கக்கூடும். என்னைவிடப் பொறுமை குறைந்தவர் கையில் சிக்கியிருந்தால் கிடந்தேதான் இருக்கும். வழவழப்புத் தாளில் மயங்கிய நான், பிழை மலிந்த தாளை ஒதுக்கியும் இருப்பேன். இரண்டும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிறு அமைப்புகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள், சமூகப் பொறுப்பு நிதி வாங்க 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண், திட்டம் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் எந்த இனத்தில் வருகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுவதும் ஒரே பயிற்சிதான். ஒருவர் எழுதிய அறிக்கையை இன்னொருவர் கால் மணி நேரம் படிக்க வேண்டும். பிறகு தாளை வாங்கிவிடுவேன். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. படித்தவர் எழுந்து நின்று, அந்தத் திட்டத்துக்காக இரண்டு நிமிடம் பேச வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

சென்ற முறை ஓர் இளம்பெண் மிக உழைத்து எழுதிய அறிக்கையை அவளுடைய தோழியே எழுந்து நின்று சொன்னாள்: “இது... பெண்களுக்கான திட்டம். தையல் பயிற்சி. நிறையப் பேர் பயனடைவார்கள்.” எத்தனை பேர் என்று யாரோ கேட்டார்கள். தெரியவில்லை. தைத்ததை யார் வாங்குவார்கள்? தெரியவில்லை. எழுதிய பெண் நாற்காலியின் நுனிக்கு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். உண்மையில் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டு சீருடை தைக்கக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கடிதமே தந்திருந்தன. பதினேழாம் பக்கத்தில், ‘பின்னணி’ என்ற தலைப்புக்குக் கீழே, நான்காவது பத்தியில் அது இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் அந்தக் கடிதத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டு பக்கத்தை வெட்டித் தள்ளினாள். “மனம் வரவில்லை, சார். ஆனால் வெட்ட வெட்டத்தான் எனக்கே புரிகிறது” என்றாள்.

அந்தக் கண்மாய்ச் சங்கத்தாரிடமிருந்து அடுத்த ஆண்டும் உறை வந்தது. இம்முறை ஏழு பக்கம். பிழைகள் குறையவில்லை. முதல் வரியே இப்படித்தான் இருந்தது: ‘சென்ற வருடம் நாங்கள் எழுதியதில் இரண்டு தவறு.’

முதல் தவறு, கால்வாயைக் காலடியால் அளந்தது. டேப் பிடித்தபோது 820 மீட்டர் வந்திருக்கிறது. 24 மணி நேரம் கூடுதலாக ஓடி 21,600 ரூபாய் அதிகமாகிவிட்டது. மடைப்பலகையில் மிச்சமான 4,400 போக, 17,200 ரூபாயை ஊரார் போட்டுக்கொண்டார்கள், அதைத் தர வேண்டாம். இரண்டாவது, மழை பெய்தால் கண்மாய் நிறையும் என்று எழுதியது. முக்கால்தான் நிறைந்தது. தண்ணீர் வந்துகொண்டிருந்தபோதே கால்வாய்க்கரையோடு நடந்து பார்த்ததில், ஓரிடத்தில் 60 மீட்டருக்குக் கரை தாழ்ந்து வழிந்துகொண்டிருந்தது. அதை உயர்த்த எவ்வளவு ஆகும் என்பது கடைசிப் பக்கத்தில்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். டீ, வடை: ஊரார் பொறுப்பு.